மலையக நகரங்கள் விரியாமல் போனதற்குக் காரணம் மலையா, தோட்ட எல்லையா?

அட்டன்_புவியியல் | திங்கள், இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பிப்பவன். சென்ற வாரம் குடித்தொகைப் பரம்பல் பாடத்தில், 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 18.2 சதவீதத்தினர் நகரத் துறையிலும், 77.4 சதவீதத்தினர் கிராமியத் துறையிலும், 4.4 சதவீதத்தினர் தோட்டத் துறையிலும் வாழ்கிறார்கள் என்று கரும்பலகையில் எழுதினேன். பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "எங்கள் ஊரில் வங்கி இருக்கிறது, அடகுக் கடை இருக்கிறது, சம்பள நாளில் கடைவீதியில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. அது இந்த மூன்றில் எதற்குள் வருகிறது, சேர்?" என்று கேட்டார். கிராமியத் துறைக்குள் என்றேன். வகுப்பே சிரித்துவிட்டது.

அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது. நம் நகரங்கள் பிறந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஏன் ஒரு திருப்பத்தில் தொடங்கி அடுத்த திருப்பத்தில் முடிந்துவிடுகின்றன? வகுப்பில் நான் தந்த விடை தரைத்தோற்றம் சார்ந்தது. மத்திய மலைநாடு நங்கூரம் போன்றது. தெற்கே, மேற்கு முனையில் 2,243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாதமலை தொடங்கிக் கிழக்கே நமுனுகுல வரை அதன் இரு கைகளும் நீள்கின்றன. நடுவிலிருந்து வடக்கு நோக்கிப் பேதுருதாலகாலை வரை அதன் தண்டு செல்கிறது. தண்டுக்கு மேற்கே அட்டன் மேட்டுநிலம், கிழக்கே வெலிமடையும் பதுளையும் உள்ள ஊவா வடிநிலம். இப்படி நறுக்கப்பட்ட நிலத்தில் ஆறுகள் ஆழமாக வெட்டிய பள்ளத்தாக்குகளுக்கு நடுவே ஒரு நகரம் எங்கே விரிய முடியும் என்றுதான் சொல்லிவைத்தேன். ஆனால் வீடு வரும் வழியில் அந்த விடை எனக்கே நிறைவாகத் தோன்றவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.


கொழும்பு13 | திங்கள், இரவு 9.25

சேர், நான் பிறந்தது மஸ்கெலியாப் பக்கம். இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். உங்கள் மாணவியின் முதற் கேள்விக்கு விடை மலையில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

இலங்கையில் மாநகர சபை அல்லது நகர சபை ஆளுகின்ற இடம் மட்டுமே புள்ளிவிபரத்தில் நகரம். எத்தனை பேர் வாழ்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், எத்தனை கடைகள் என்பதெல்லாம் கணக்கில் வராது. முன்பு பட்டின சபைகளும் நகரமாகக் கொள்ளப்பட்டன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பட்டின சபைகளையும் கிராம சபைகளையும் ஒன்றாகப் பிரதேச சபைக்குள் போட்டது. அத்துடன் அந்தப் பட்டினங்கள் எல்லாம் எழுத்தில் கிராமமாகிவிட்டன. 1981 இல் 21.5 சதவீதமாக இருந்த நகர மக்கள் முப்பது ஆண்டுகளுக்குப் பின் 18.2 ஆகக் குறைந்ததற்கு இதுவே முதற் காரணம். ஊர்களை விட்டு யாரும் காட்டுக்குப் போய்விடவில்லை.

நுவரெலியா மாவட்டத்தை எடுத்தால் நுவரெலியா மாநகர சபை, அட்டன் டிக்கோயா நகர சபை, தலவாக்கலை லிந்துலை நகர சபை ஆகிய மூன்றும்தான் நகரம். மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலை, இராகலை, கினிகத்தேனை எல்லாம் கிராமம். 2012 இல் மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தோட்டத் துறையில் எண்ணப்பட்டார்கள். தோட்டத் துறை என்பதற்கான வரைவிலக்கணத்தையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்: 20 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பும், அங்கேயே வசிக்கும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரும் உள்ள பெருந்தோட்டம். குடியிருப்பாளர் அல்ல, குடும்பம் அல்ல, தொழிலாளர். ஓர் இடத்தில் வாழ்பவர்களை அங்கே வேலை செய்பவர்களைக் கொண்டு வகுக்கும் இந்த முறையைக் கொட்டாஞ்சேனைக்கு யாரும் பொருத்திப் பார்ப்பதில்லை.


பேராதனை_மாணவி | திங்கள், இரவு 10.50

வணக்கம் சேர். நான் பேராதனையில் புவியியல் மூன்றாம் ஆண்டு. தரைத்தோற்றம்தான் தடை என்ற விடையை நானும் பள்ளியில் எழுதியிருக்கிறேன். இப்போது அதில் பாதிதான் சரி என்று நினைக்கிறேன்.

இலங்கையின் நிலம் படிக்கட்டுப் போல மூன்று தளங்களாக இருப்பதை அடம்ஸ் என்ற நிலவியலாளர் 1929 இல் விளக்கினார். கரையோரத் தாழ்நிலம் முதற் படி. ஏறக்குறைய 360 மீற்றரிலிருந்து 760 மீற்றர் வரை இரண்டாம் படி. கண்டி அதில் இருக்கிறது. 1,500 மீற்றருக்கு மேல் மூன்றாம் படி. நுவரெலியாவும் ஹோர்ட்டன் சமவெளியும் அங்கே. நிலம் கட்டங்கட்டமாக மேலே தள்ளப்பட்டதால் இப்படிகள் உண்டாயின என்று 1940களில் வாடியா சொன்னார். பாறைகளின் கடினம் இடத்துக்கு இடம் மாறுவதால் அரிப்பும் மாறி, படிகள் போன்ற தோற்றம் உண்டானது என்பது பின்னால் வந்தவர்களின் வாதம். எந்தக் கொள்கையை எடுத்தாலும், படியின் விளிம்புதான் செங்குத்து. படியின் மேல்தளம் அலையலையான, ஓரளவு தட்டையான நிலம். பம்பரகந்த 263 மீற்றரும் தியலும 220 மீற்றரும் விழுவது தென்மலைச் சுவர் என்ற விளிம்பில். உலக முடிவு என்ற செங்குத்துப் பாறையில் 850 மீற்றருக்கு மேல் நிலம் அறுந்து விழுவதும் அதே விளிம்பில்தான். ஆனால் விளிம்பிலிருந்து ஒரு மணிநேரம் உள்ளே நடந்தால் ஹோர்ட்டன் சமவெளியில் பந்து விளையாடலாம். (விளையாடினால் வனசீவராசிகள் திணைக்களத்தார் பிடித்துக்கொள்வார்கள், அது வேறு விடயம்.)

ஆகவே மேல்படியில் நகரம் விரிய இடமே இல்லை என்று சொல்ல முடியாது. நுவரெலியாவிலும் அம்பேவளையிலும் அகன்ற பள்ளத்தாக்குகள் உண்டு. அந்த இடங்களில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சேர், ஒரு சிறு தகவல், வகுப்பில் பயன்படலாம். நம் மலைகளில் பரவலாக உள்ள சார்னொக்கைட் பாறைக்கு அப்பெயர் வந்தது கல்கத்தாவிலுள்ள ஜோப் சார்னொக் என்பவரின் கல்லறைக் கல்லிலிருந்து. அந்தக் கல் போனதோ சென்னைப் பரங்கிமலையிலிருந்து. நம் முன்னோர் மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாக நடந்து வந்து சேர்ந்தபோது, காலடியில் இருந்த கல் ஊர்க் கல்லின் உறவுக் கல்தான்.


பழைய_அளவையாளர் | செவ்வாய், காலை 6.15

நில அளவையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பண்டாரவளையில் இருக்கிறேன். பிள்ளை, "அந்த இடங்களில் என்ன இருக்கிறது" என்று நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலைநாட்டு நகரம் ஒன்றின் வரைபடத்தை விரித்து, சம உயரக் கோடுகளை மறந்துவிட்டு, காணி எல்லைகளை மட்டும் பாருங்கள். பெருந்தெரு, அதன் இரு பக்கமும் நூல் பிடித்தாற்போல் சிறு துண்டுக் காணிகள், அதற்குப் பின்னால் சடுதியாக நூற்றுக்கணக்கான ஏக்கர் கொண்ட ஒரே துண்டு. அந்தக் கோட்டில்தான் நகரம் நிற்கிறது. சரிவு நின்ற இடத்தில் நகரம் நின்றதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். முதல் தேயிலைச் செடி நிற்கிற இடத்தில் நின்றதைத்தான் எங்கும் பார்த்தேன். சரிவுக்கு அஞ்சுகிற மக்களாக இருந்தால் தெருவிலிருந்து பார்க்க ஒரு மாடியாகவும் பின்னால் பள்ளத்தில் இன்னும் மூன்று மாடியாகவும் தூணில் நிற்கும் கடைகளைக் கட்டியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் தேயிலை நிற்கும் காணி அவர்களை விட மென்மையான சரிவாக இருக்கும். அதில் கால் வைக்க முடியாது.

அந்த எல்லை எப்படி வந்தது? 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின், உரித்துக் காட்ட முடியாத காடும் பத்தனையும் (மலைப்புல்வெளி) அரசின் காணியாகக் கொள்ளப்பட்டுக் கோப்பித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. 1869 இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி செத்தபோது அதே எல்லைக்குள் தேயிலை நின்றது. பயிர் மாறியது, எல்லை மாறவில்லை. 1873 இல் தாவரவியலாளர் ஹூக்கரின் ஆலோசனையை ஏற்று 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை விற்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அதற்குள் விற்றது விற்றதுதான். மேலே பாதுகாத்த காடு, நடுவே தோட்டம், இரண்டும் போக மிஞ்சியது தெரு.

ரயில் வந்த பிறகுதான் பெரும்பாலான நகரங்கள் உருவாகின. அட்டன் 1884, நானுஓயா 1885, அப்புத்தளை 1893, பண்டாரவளை 1894. பதுளைக்கு 1924 இல்தான் பாதை போய்ச் சேர்ந்தது. தோட்டங்களின் வண்டிப்பாதைகள் நிலையத்துக்கு இறங்கும் இடத்தில் அரிசி மண்டி, புடைவைக் கடை, மண்ணெண்ணெய், அடகு என்று கடைகள் தோன்றின. நகரத்துக்கு வேண்டிய மற்றவை எங்கே போயின என்று எண்ணிப் பாருங்கள். தொழிற்சாலை (நாம் ஸ்டோர் என்போமே) தோட்டத்துக்குள். குடியிருப்பு லயத்தில் (வரிசை வீடுகளில்), பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், தோட்டத்துக்குள். மருந்துக்காம்பரா, பிள்ளைக்காம்பரா, பள்ளிக்கூடம், கோவில், மயானம் எல்லாம் தோட்டத்துக்குள். வேறு நாடுகளில் ஆலையும் தொழிலாளர் குடியிருப்பும் சேர்ந்து நின்றால் அதைத் தொழில் நகரம் என்பார்கள். இங்கே அவை ஐம்பது தோட்டங்களில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்க, வியாபாரம் மட்டும் தெருவுக்கு வந்தது. அதனால்தான் நம் நகரங்களில் மாலை ஏழு மணிக்குக் கதவு சாத்தினால் ஆள் நடமாட்டம் இல்லை. கடைக்காரரைத் தவிர வேறு யாரும் அங்கே வாழவில்லை.

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் போனது. பின்னர் நீண்ட காலக் குத்தகை வந்தது. நிலம் அரசுடையதுதான், ஆனால் ஒரு பஸ் தரிப்பிடத்துக்கு அரை ஏக்கர் எடுப்பதற்குக் கூட எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டும் என்பதை நான் வேலையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். ஒரு மயானப் பாதையை அளந்து கொடுத்து, கோப்பு திரும்பி வருவதற்குள் எனக்கு இடமாற்றம் இரண்டு தடவை வந்துவிட்டது.


நூரளை_மரக்கறி | செவ்வாய், மதியம் 1.05

ஐயா சொல்வதை நூரளைக்கு, அதாவது நுவரெலியாவுக்குப் பொருத்திப் பார்க்கிறேன். கந்தப்பளையில் லீக்சும் கரட்டும் போடுகிற குடும்பம் நாங்கள்; வாரத்தில் நான்கு நாள் டவுனுக்கு லொறி போகும்.

1,868 மீற்றர் உயரத்தில் இப்படி ஒரு அகன்ற பள்ளத்தாக்கு கிடைப்பது அரிது. வெள்ளைக்காரர் அதை உடல் தேறும் ஊராக வைத்துக்கொண்டார்கள். 1848 இல் சாமுவேல் பேக்கர் வந்து பண்ணை போட்டார், 1873 இல் ஆளுநர் கிரகரி குளத்தைக் கட்டினார். இன்று பள்ளத்தாக்கின் அடியில் தட்டையாகக் கிடக்கும் இடங்களை எண்ணுங்கள்: குளம், குதிரைப்பந்தயத் திடல், கோல்ப் மைதானம், விக்டோரியா பூங்கா. கடைகளும் பஸ்களும் மிஞ்சிய ஓரத்தில். ஏப்ரல் வசந்த காலத்தில் கொழும்பு வாகனங்கள் வந்து இறங்கினால் எங்கள் லொறி நானுஓயாவிலேயே நின்றுவிடும். இங்கே தடை தோட்டம் அல்ல, பொழுதுபோக்கு. ஆனால் கணக்கு ஒன்றுதான், நல்ல நிலம் முதலிலேயே எழுதப்பட்டுவிட்டது.

இன்னொன்று. நானுஓயாவிலிருந்து நூரளை, கந்தப்பளை வழியாக இராகலை வரை சின்ன ரயில் ஓடியது. 1904 இல் இராகலையைத் தொட்டது, 1940களில் நிறுத்திப் பாதையைக் கழற்றிவிட்டார்கள். அது இருந்திருந்தால் இராகலை இன்று வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எங்கள் தாத்தா சொல்வார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.


அட்டன்_புவியியல் | செவ்வாய், இரவு 7.30

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன், பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஓரிடத்தில் உடன்பட முடியவில்லை. தேயிலை எல்லை நீங்கி நிலம் நகரத்துக்குக் கிடைத்திருந்தால் நாம் அதில் பாதுகாப்பாகக் கட்டியிருப்போமா? 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அங்கே தடுத்தது எல்லை அல்ல, விழுந்தது மலை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண் இறங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

மழையையும் சேர்த்துப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி, வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவுக்குக் கொட்டுகிறது. அதே காற்று மலையைக் கடந்து ஊவாவுக்குள் இறங்கும்போது ஈரம் இழந்து கச்சான் என்ற வரண்ட காற்றாகிவிடுகிறது. பதுளைத் தேயிலைக்கு அந்த மாதங்களில் தனி மணம் வருவதற்கும் அதுவே காரணம். ஊவாவுக்கு மழை ஒக்டோபருக்குப் பின், இடைப்பருவத்திலும் வடகீழ்ப் பருவத்திலும் வருகிறது. ஆக, ஆண்டின் பெரும்பகுதியில் மலையின் ஏதோ ஒரு பக்கம் ஊறிக்கொண்டே இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்கவும், 100 ஐத் தாண்டினால் எச்சரிக்கையும், 150 ஐத் தாண்டினால் வெளியேறவும் சொல்கிறது. 75 என்பது நம் ஊரில் சாதாரண ஆனி மாத மழை.


பழைய_அளவையாளர் | செவ்வாய், இரவு 9.10

சேர், மலை விழாது என்று நான் சொல்லவில்லை. விழக்கூடிய இடத்தில் யார் குடியிருக்கிறார், ஏன் அங்கிருந்து நகர முடியவில்லை என்பதுதான் என் கேள்வி. மீரியபெத்தை அபாயமான இடம் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தார்கள். எழுந்து போவதற்கு வேறு காணி வேண்டாமா? ஒரு கிராமத்தவர் தன் காணியின் மேற்பகுதி விரிசல் கண்டால் கீழே தம்பியின் வளவில் ஒரு குடிலாவது போடுவார். லயத்தில் இருப்பவருக்கு மாற்றிக் கட்ட ஒரு முழம் நிலம் சொந்தமாக இல்லை. வீடு கட்டக் கொடுக்கும் சிறு காணியும் தோட்ட எல்லைக்குள் ஒதுக்கப்பட்ட துண்டில்தான் வருகிறது.

நிலவியல்படி பார்த்தாலும், மண் இறங்குவது வெறும் சரிவினால் மட்டும் அல்ல. பழைய சரிவின் இடிபாடு தங்கிய அடிவாரம், பாறைக்கு மேல் உள்ள தளர்ந்த மண்படை, அடைபட்ட கான்கள் (வடிகால்கள்) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தோட்டம் நன்றாக நடந்த காலத்தில் கான் வெட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். சில மலைகளில் இன்று கான் இருந்த இடமே தெரியவில்லை. அதைப் புவியியல் பாடத்தில் எங்கே வைப்பீர்கள்?


தலவாக்கலை_வாசகி | செவ்வாய், இரவு 9.55

நானும் ஒரு சான்று தருகிறேன். நிலம் எடுக்க முடியாது என்று சொல்வார்கள், ஆனால் அணைக்கட்டு என்றால் எடுக்க முடிகிறது. மேல் கொத்மலைத் திட்டத்துக்காக எங்கள் நகரத்தின் கீழ்ப்பகுதியிலிருந்த கடைகளும் வீடுகளும் போயின. குடும்பங்களுக்கு மேலே புதிய குடியிருப்பு கட்டிக் கொடுத்தார்கள். 2012 இல் 150 மெகாவாற் மின்னுற்பத்தி தொடங்கியது. கொத்மலை ஓயாவின் நீர் சுரங்கப் பாதைக்குள் போனதால், சிறுவயதில் பஸ்ஸில் போகும்போது சன்னலோரத்துக்குச் சண்டை போட்டுப் பார்த்த சென் கிளயர் நீர்வீழ்ச்சி மெலிந்துவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது வருத்தம் அல்ல. அந்தத் திட்டத்தால்தான் எங்கள் நகரத்துக்குக் குளத்தோரமாக அகலமான தெருவும் நடக்க இடமும் கிடைத்தன. நிலம் விடுவிக்கப்பட்டால் இங்கும் ஒழுங்காக நகரம் அமைக்கலாம் என்பதற்கு அது ஒரு சிறு உதாரணம்.

பெயர்களைப் பற்றியும் ஒரு கேள்வி. கொட்டகலை, தலவாக்கலை இரண்டிலும் உள்ள "கலை" ஒன்றா?


பழைய_அளவையாளர் | புதன், காலை 5.50

இல்லை, அம்மா. கொட்டகலையில் உள்ளது சிங்களத்தின் "கல", அதாவது பாறை. தலவாக்கலையில் உள்ளது "கெலே", காடு. மவுசாகலையும் அப்படியே. நம் நாவில் பாறையும் காடும் ஒரே கலையாகிவிட்டன. அக்கரப்பத்தனையின் "பத்தனை" மலைப்புல்வெளி. "ஓயா" சிற்றாறு என்பது எல்லோருக்கும் தெரியும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்பதை ஊர்ப்பெயர் வரைபடத்தைவிட நன்றாகச் சொல்லும்.


மவுசாகலை_பேரன் | புதன், காலை 8.20

அக்கா சொன்னது எங்கள் ஊருக்கு முன்பே நடந்தது. பழைய மஸ்கெலியா நகரம் 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போனது. இப்போது இருப்பது மேலே கட்டிய மஸ்கெலியா. வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோவில் வெளியே தெரியும். ஊர்ச் சனம் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரும். அப்பப்பா ஒரு முறை எங்களைக் கூட்டிப்போய், சேற்றில் நின்று, "இது கடைவீதி, இது பள்ளிவாசல் போகும் வழி" என்று கையால் காட்டினார். அவர் காட்டிய இடம் தட்டையாக இருந்தது. புதிய நகரத்தில் அவ்வளவு தட்டையான இடம் ஒரு விளையாட்டுத் திடலுக்குக் கூட இல்லை.


கொழும்பு13 | புதன், இரவு 8.00

தம்பி, என் தகப்பனாரும் அதையே சொல்வார்.

கண்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதுவும் மலைதான், சுற்றிவரச் சுவர் போல மலை. அது மட்டும் எப்படி வளர்ந்தது?


பேராதனை_மாணவி | புதன், இரவு 9.40

அண்ணா, கண்டி மாநகர எல்லைக்குள் 2012 இல் ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்களே இருந்தார்கள். ஆனால் நகரம் அந்த எல்லையோடு நிற்கவில்லை. கட்டுகஸ்தோட்டை, பேராதனை, குண்டசாலை, திகன என்று பள்ளத்தாக்குகள் வழியே கை நீட்டியிருக்கிறது. ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், மகாவலி வளைந்து மூன்று பக்கம் சூழ, ஹந்தான மலைக்கும் உடவத்தைக் காட்டுக்கும் நடுவே உள்ள கிண்ணம் அது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1815 வரை தலைநகராக இருந்ததற்கு அந்தக் கிண்ணமே காரணம்; பலனையும் கலகெதரையும் போன்ற கணவாய்களை அடைத்தால் வெளியார் உள்ளே வர முடியாது. இன்று அதே கிண்ணம் வாகனப் புகையை அடைத்துவைக்கிறது.

ஆகவே கண்டிக்குத் தரைத்தோற்றத் தடை அட்டனுக்கு உள்ளதைவிடக் குறைவல்ல. வேறுபாடு, கண்டியைச் சுற்றியிருந்தவை பெரும்பாலும் கிராமத்துக் காணிகள். வயலும் வளவுமாகத் தனித்தனி உரித்துடையவை. வேண்டியவர் வாங்கினார், விற்றார், பிரித்தார், வீடு கட்டினார். விக்டோரியா நீர்த்தேக்கம் தெல்தெனியவை மூழ்கடித்தபோது திகனையில் புதிய நகரத்துக்கு இடமும் கண்டுபிடித்தார்கள். அளவையாளர் ஐயா எழுதியதை வாசித்த பிறகு, இதைத்தான் சிறந்த ஒப்பீடாகக் கருதுகிறேன்: ஒரே பாறை, ஒரே மழை, வேறு காணி உறுதி.

ஆனால் சேர் சொன்னதையும் முழுமையாகத் தள்ளிவிட முடியாது. கண்டி நிலச்சொந்தக்காரர்கள் வாங்கி விற்றுக் கட்டிய சரிவுகளில்தான் அண்மைய மண்சரிவுகள் பல நடந்தன. உரிமை கிடைத்தால் நகரம் விரியும். எங்கே விரியக் கூடாது என்பதை மலைதான் சொல்ல வேண்டியிருக்கும்.


பழைய_அளவையாளர் | வியாழன், காலை 6.30

பிள்ளை சொன்ன கடைசி வரியில் எனக்கு மறுப்பு இல்லை. எங்கள் பண்டாரவளையிலும் கண்டோம். உமா ஓயா நீர்மின், நீர்ப்பாசனத் திட்டத்தின் சுரங்கத்தை வெட்டும்போது 2014 இறுதியில் நிலத்தடி நீர் உள்ளே பீறிட்டது. பின்னர் நகரைச் சுற்றிய ஊர்களில் கிணறுகள் வற்றின, பீலிகள் நின்றன, சுவர்கள் வெடித்தன. காணி உறுதி வைத்திருந்தவர் வீடும் வெடித்தது, இல்லாதவர் வீடும் வெடித்தது. உறுதி இருந்தவர் நட்டஈடு கேட்டு எழுதப் போனார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.


மட்டுறுத்துநர் | வியாழன், காலை 9.00

சம்பளப் பேச்சுவார்த்தை பற்றிய மூன்று பதிவுகள் அதற்குரிய இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே நிலத்தையும் நகரத்தையும் பற்றி மட்டும் தொடரவும்.


அட்டன்_புவியியல் | வெள்ளி, மாலை 5.15

உங்கள் அனைவருக்கும் நன்றி. இன்று வகுப்பில் முதலில் 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பிரதேச சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவு தடையாக இருந்ததையும், 2018 இல்தான் அது திருத்தப்பட்டதையும், அதே காலத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகள் வந்ததையும் விளக்கினேன். "அப்படியென்றால் இப்போதும் கிராமம்தானே, சேர்" என்றார் அந்த மாணவி. ஆம் என்றேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து அட்டன் நகரத்தின் ஓரத்தை நடந்து வரச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு ஐம்பது அடிக்கும் நின்று, நகரம் அந்த இடத்தில் எதனால் நின்றது என்று குறிக்க வேண்டும்: சரிவா, ஓடையா, ரயில் பாதையா, தேயிலையா, காடா. எண்ணிக்கை எப்படி வந்தாலும் இங்கே எழுதுகிறேன். என் பழைய விடை தோற்றுப்போகும் என்றுதான் எதிர்பார்க்கிறேன்.

ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். நீர்பிரிமேட்டை மாணவர்களுக்குக் கண்ணால் காட்ட வேண்டும். எங்கே நிறுத்துவது நல்லது?


பழைய_அளவையாளர் | வெள்ளி, இரவு 8.45

சேர், தூரம் போக வேண்டாம், அட்டன் நகரமே நீர்பிரிமேட்டில் உட்கார்ந்திருக்கிறது. நகரத்துக்கு வடக்கே இறங்கும் நீர், ரயில் ஏறி வருகிற அதே பள்ளத்தாக்கு வழியாக வட்டவளையைக் கடந்து நாவலப்பிட்டிக்குப் போய் மகாவலியாகி, 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைப் பக்கம் கடலில் சேரும். தெற்கே டிக்கோயாவுக்கு இறங்கும் நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுந்து, லக்சபானையில் மின்சாரம் எடுக்கப்பட்டு, களனியாகிக் கொழும்புக்குப் போகும். நம் கொழும்பு13 தம்பி கொட்டாஞ்சேனையில் குழாயைத் திறந்து குடிப்பதும் அந்த ஆற்றுத் தண்ணீர்தான்.

டிக்கோயாத் தெரு நகரத்தை விட்டு இறங்கத் தொடங்கும் உச்சியில் நிறுத்துங்கள். கிழக்கே சிங்கமலை தெரியும். அதற்குள்தான் கொட்டகலைக்குப் போகும் ரயில் சுரங்கம். மழைக் கோட்டு கொண்டுவரச் சொல்லுங்கள், மத்தியானத்துக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. காலை எட்டு மணிக்குள் நின்றுவிடுங்கள். நானும் முதல் பஸ்ஸில் வந்து சேருகிறேன். பழைய அளவைச் சங்கிலி ஒன்று வீட்டில் இருக்கிறது, ஐம்பது அடியைக் கண்ணால் மட்டிட வேண்டாம்.